கடையில் வாங்கிய மாதிரி இன்ஜினைக் குறுகிய பாதை இன்ஜினாக மாற்றும் முறை

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு ரயில் என்றால் அகலப் பாதைதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 5 அடி 6 அங்குலப் பாதையில்தான் ஓடியது. இன்றும் பேசின் பிரிட்ஜிலோ கொருக்குப்பேட்டை யார்டிலோ நின்று பார்த்தால் தெரிவது அதே 1676 மி.மீ. தண்டவாளம்தான். குறுகிய பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் 762 மி.மீ. அகலமுள்ள கால்கா–சிம்லா பாதைக்கோ, 610 மி.மீ. அகலமுள்ள டார்ஜிலிங், மாத்தேரான் பாதைகளுக்கோதான் போக வேண்டும். நம் மாநிலத்திலேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரையிலும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையிலும் 762 மி.மீ. பாதைகள் இருந்தன என்பது பலருக்கும் தெரியாது. அவை எடுக்கப்பட்டுப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இத்தகைய பாதைகளில் ஓடிய இன்ஜின்களின் மாதிரிகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாடுகளில் சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் பித்தளை மாதிரிகளின் விலை நமக்குக் கட்டுபடியாகாது. ஆகவே, ஆயிரக்கணக்கில் செய்து விற்கப்படும் பெரிய பாதை மாதிரி ஒன்றை வாங்கி, அதன் மோட்டாரையும் சக்கரங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேற்பகுதியை மட்டும் மாற்றிக் குறுகிய பாதை இன்ஜினாக ஆக்கிக்கொள்வதே உலகெங்கும் மாதிரிக்காரர்கள் கைக்கொள்ளும் வழி. இக்கட்டுரை அந்த வேலையைப் படிப்படியாக விளக்குகிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சக்கரங்களை நெருக்கித் தண்டவாள அகலத்தைக் குறைப்பதுதான் இந்த வேலை என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சக்கரத்தையோ பாதையையோ நாம் தொடுவதே இல்லை. அளவுவீதத்தை மாற்றி, இன்ஜின் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பெரிதாக்குகிறோம். ஆள் பெரிதானால் அவன் நுழையும் கதவும், அவன் நிற்கும் அறையும், அவன் பிடித்து ஏறும் கைப்பிடியும் பெரிதாக வேண்டும். அவை பெரிதானதும் அதே சக்கரங்களும் அதே பாதையும் தாமாகவே குறுகிப்போகும். இந்த வேலையில் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கணக்கு

எச்.ஓ. மாதிரிகள் 1:87 அளவுவீதத்தில் செய்யப்பட்டு 16.5 மி.மீ. பாதையில் ஓடுகின்றன. 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வருகிறது, அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நிலையான பாதை. அதே 16.5 மி.மீ. பாதையின் மேல் 1:48 அளவுவீதத்தில் உடலைக் கட்டினால் 792 மி.மீ. ஆகிறது. நம் 762 மி.மீ. பாதையோடு ஒப்பிட்டால் 30 மி.மீ. அதிகம், மாதிரியில் அது முக்கால் மி.மீட்டருக்கும் குறைவு. இந்தப் பிழையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், கடைகளில் விற்கும் இந்திய அகலப் பாதை எச்.ஓ. மாதிரிகளைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1676 மி.மீ. பாதைக்கு 1:87-இல் 19.3 மி.மீ. வேண்டும், ஆனால் அவையும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன, யாரும் புகார் சொல்வதில்லை.

610 மி.மீ. பாதை வேண்டுமென்றால் அதே 16.5 மி.மீட்டருக்கு 1:35 நெருங்கி வருகிறது. பெருக்கினால் 577 மி.மீ. டமியா போன்ற நிறுவனங்கள் ராணுவ மாதிரிகளுக்காகச் செய்யும் 1:35 மனித உருவங்கள் எளிதில் கிடைப்பது இதில் ஒரு வசதி. இடம் மிகக் குறைவாக இருந்தால், 'என்' (N) எனப்படும் சிறிய அளவு மாதிரிகளின் 9 மி.மீ. பாதையை எடுத்துக்கொண்டு 1:87-இல் உடல் கட்டலாம், 783 மி.மீ. வருகிறது. மீட்டர் பாதைக்காரர்களுக்கு 12 மி.மீ. பாதையும் 1:87-உம் பொருந்தும், ஆனால் அது இங்கே நம் வேலை அல்ல.

முதல் இன்ஜினுக்கு 16.5 மி.மீ. பாதையையும் 1:48 அளவுவீதத்தையும் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கண்ணுக்கும் கைக்கும் அடங்கும் அளவு அது, 9 மி.மீட்டரில் அரை மி.மீ. பிசகினால் இன்ஜின் கோணலாகத் தெரியும், 1:48-இல் அது மறைந்துவிடும். இனி வரும் அளவுகள் எல்லாம் இந்த அளவுவீதத்துக்கே உரியவை.

எந்த இன்ஜினை வாங்குவது

பெரிய பாதையில் சிறிதாக இருந்த இன்ஜினே குறுகிய பாதைக்கு ஏற்றது. யார்டில் பெட்டிகளைத் தள்ளும் ஷண்டிங் இன்ஜின்கள், அதிலும் இயங்கு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் துணைச் சக்கரங்கள் இல்லாத 0-4-0, 0-6-0 வகைகள் (நடு எண் இயங்கு சக்கரங்களின் எண்ணிக்கை), முதலில் பார்க்க வேண்டியவை. விரைவு வண்டி இன்ஜின்களின் பெரிய சக்கரங்களை எந்த வேடமிட்டாலும் மறைக்க முடியாது.

பாக்மன் நிறுவனம் எச்.ஓ. அளவில் விற்றுவரும் அமெரிக்க அரசு ரயில் நிர்வாகத்தின் (யுஎஸ்ஆர்ஏ) வகை 0-6-0 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அசல் இன்ஜினின் சக்கர விட்டம் 51 அங்குலம், அதாவது 1295 மி.மீ.; 1:87-இல் அது ஏறத்தாழ 15 மி.மீ. அந்த 15 மி.மீ. சக்கரமே 1:48 கணக்கில் 720 மி.மீ. ஆகிறது, அதாவது சுமார் 28 அங்குலம். மலைப்பாதையிலும் ஆலைப்பாதையிலும் ஓடிய சிறு இன்ஜின்களுக்கு இது மிகப் பொருத்தமான அளவு. கொதிகலனின் விட்டம் மாதிரியில் 19 மி.மீ. இருந்தால், 1:48-இல் 912 மி.மீ.; அதுவும் மூன்று அடிக் கொதிகலன்தான், நம்பத்தக்கது. முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் இடையே 38 மி.மீ. இருந்தால், அது ஆறு அடி. இப்படி வெர்னியரை வைத்து அளந்து 48-ஆல் பெருக்கிப் பார்க்காமல் எந்த இன்ஜினையும் வாங்கக் கூடாது. பெருக்கி வரும் எண் ஒரு சிறிய இன்ஜினின் எண்ணாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் ஹார்ன்பி நிறுவனத்தின் சிறிய 0-4-0 தொட்டி இன்ஜின்களை இதே வேலைக்குப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விலை குறைவு, சேசிஸ் (மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) குட்டை, வளைவில் சுலபமாகத் திரும்பும். ஆனால் அவற்றில் பலவற்றின் கியர் விகிதம் பொம்மை ரயிலுக்கானது; மெதுவாக ஓட மறுத்துத் துள்ளும். பழைய கையிருப்பை வாங்குவதானால் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் உடனே அறுக்கத் தொடங்கக் கூடாது. கழற்றாத நிலையில் அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து, ஓடும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது, சக்கரத்தை லேசாகப் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஓடும்போது கால் ஆம்பியருக்கு மேல் எடுத்தாலோ, ஒரு சுற்றில் ஒரே இடத்தில் தயங்கினாலோ, கோளாறு கியரிலோ இணைப்புத் தண்டிலோ இருக்கிறது. அழகான உடலைக் கட்டி முடித்த பிறகு அந்தத் தயக்கம் தானாகப் போகாது. கெட்ட சேசிஸைத் திருப்பிக் கொடுப்பதற்கான நேரம் இதுதான்.

அட்டை ஆள்

ஒரு தடித்த அட்டையில் 35 மி.மீ. உயரத்துக்கு ஓர் ஆளை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அவர் 1:48-இல் ஐந்தரை அடி மனிதர். கை கால் நுணுக்கம் வேண்டாம். தலை, தோள், இடுப்பு தெரிந்தால் போதும். வேலை முடியும்வரை அவர் மேசையை விட்டு நகரக் கூடாது.

முதலில் அவரைக் கடை இன்ஜினின் ஓட்டுநர் அறைக் கதவருகே நிறுத்திப் பாருங்கள். 1:87 கதவின் உயரம் சுமார் 22 மி.மீ. இருக்கும், நம் ஆளின் மார்பு வரைதான் எட்டும். இதைப் பார்த்ததும் எதை அகற்ற வேண்டும் என்பது விளங்கிவிடும். ஓட்டுநர் அறை முழுவதும் போக வேண்டும். படிகள், கைப்பிடிகள், விளக்கு, மணி, புகைபோக்கி எல்லாம் போக வேண்டும். கொதிகலன், சிலிண்டர்கள், இணைப்புத் தண்டுகள், சக்கரங்கள் ஆகியவை இருக்கலாம். இயந்திரத்துக்கு ஆளின் அளவு தெரியாது. ஆள் தொடும் பொருள்கள்தான் அளவுவீதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கிராஃப் தாளில் சேசிஸின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைந்து, அதன் மேல் புதிய உடலைப் பென்சிலில் அமையுங்கள். அறைக்குள் தரையிலிருந்து கூரை வரை அசலில் 1.9 மீட்டர் வேண்டுமென்றால் மாதிரியில் 40 மி.மீ.; கதவின் அகலம் 580 மி.மீ. என்றால் 12 மி.மீ.; படிகளுக்கிடையே 350 மி.மீ. என்றால் 7 மி.மீ.; கைப்பிடிக் கம்பி 30 மி.மீ. தடிமன் என்றால் 0.6 மி.மீ. பித்தளைக் கம்பி. இந்த எண்களுக்கு உறுதி வேண்டுவோர் பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு டேப்போடு போய், அங்கே நிற்கும் பழைய வண்டிகளின் படி, கைப்பிடி, கதவு ஆகியவற்றைக் காவலரின் அனுமதியோடு அளந்து வரலாம். பாதை அகலம் மாறினாலும் மனிதனின் காலும் கையும் மாறுவதில்லை என்பதால் அகலப் பாதை வண்டியின் படியும் நமக்கு உதவும்.

அகலத்தில்தான் குறுகிய பாதையின் அழகு இருக்கிறது. பாதை 762 மி.மீ. இருந்தாலும் இன்ஜினின் மேடை (கொதிகலனுக்கு அடியில் இரு பக்கமும் நீளும் தட்டு) ஆறரை அடி அகலம் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1:48-இல் அது 41 மி.மீ. கடை இன்ஜினின் மேடை 35 மி.மீ. அளவில் இருந்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. கூட்ட வேண்டும். இந்த நீட்டலைச் செய்யாமல் அறையை மட்டும் உயர்த்தினால் இன்ஜின் நெட்டையாகத் தெரியுமே தவிரக் குறுகிய பாதை இன்ஜினாகத் தெரியாது. முதல் முயற்சியில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வரைந்ததை உடனே பிளாஸ்டிக்கில் வெட்ட வேண்டாம். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டில் வெட்டி, குண்டூசியால் கோத்து, சேசிஸ் மேல் வைத்து இரண்டு நாள் கண்ணில் படும்படி விட்டுவிடுங்கள். கூரை ஒரு மி.மீ. உயரமா, புகைபோக்கி ஒல்லியா என்பதெல்லாம் அப்படிப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.

கருவியும் பொருளும்

இந்த வேலைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி பாரிமுனையைச் சுற்றியே கிடைத்துவிடும். சௌகார்பேட்டையில் நகைப் பத்தர்களுக்கான கருவிக் கடைகளில் மெல்லிய அறுப்பு வாளும், ஊசி அரங்களும், நல்ல சாமணமும், கைத்துளைப்பானும் கிடைக்கும். மாதிரி வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து வருவனவற்றை விட அவை உறுதியானவை, விலையும் குறைவு. பித்தளைத் தகடும் கம்பியும் அதே பகுதியில் எடைக்கு வாங்கலாம். 0.3 மி.மீ. தகடு படிகளுக்கும், 0.6 மி.மீ. கம்பி கைப்பிடிக்கும் போதும்.

உடலுக்கு 1 மி.மீ., 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகடு வேண்டும். பிளாஸ்டிக் தகடு விற்பவரிடம் எச்.ஐ.பி.எஸ். என்று கேளுங்கள். கத்தியால் கோடு கிழித்து வளைத்தால் கோட்டோடு நேராக முறிய வேண்டும், வளைத்த இடம் வெளுக்க வேண்டும். அதுதான் சரியான தகடு. சன்போர்டு உள்ளே நுரையாக இருப்பதால் மாதிரி பார்க்கத்தான் ஆகும். அதில் ரிவெட் எழாது, விளிம்பும் நிற்காது. ஸ்டைரீனை ஒட்ட எம்.இ.கே. கரைப்பான் சிறந்தது, நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். எளிதில் தீப்பற்றக்கூடியது, தலைசுற்றலும் தரும். ஆகவே ஜன்னல் திறந்த அறையில், அடுப்பிலிருந்து விலகி, சிறு தூரிகையால் இணைப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு மட்டும் ஓடவிட வேண்டும்.

புகைபோக்கியையும் மணிப்பகுதியையும் கையால் உருட்டிச் செய்ய முயல வேண்டாம். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ரயில்வே பணிமனைகளில் பயின்று ஓய்வு பெற்ற டர்னர்களும் இருக்கிறார்கள். படம் வரைந்து, அளவுகளை மி.மீட்டரில் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நூல் கணக்கில் புரிந்துகொள்ளப்படும், நமக்கு வேண்டியதோ அரை மி.மீ. நுணுக்கம். "அண்ணே, அடியில 6 மி.மீ. துளை மட்டும் நேரா இருக்கணும், மேல பாலிஷ் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். பாலிஷ் போட்ட பித்தளையில் பெயின்ட் பிடிக்காது.

அறுப்பும் கட்டலும்

உடலைச் சேசிஸிலிருந்து பிரிக்கும்போது திருகாணிகளை ஒரு வெள்ளைத் துணியின் மேல் கழற்றுங்கள். அவை தரையில் விழுந்தால் கிடைக்காது. கழற்றும் வரிசையில் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது, திரும்பப் பூட்டும்போது குழப்பத்தைத் தவிர்க்கும். சேசிஸைத் தனியே மூடி வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தூள் ஒரு துகள் வார்ம் கியருக்குள் போனாலும் பிறகு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஓட்டுநர் அறையை அறுக்கும்போது கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மீதியை அரத்தால் இழைத்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கொதிகலனின் மேலுள்ள பழைய குவிமாடங்களைக் கத்தியால் சீவி, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். கடை இன்ஜினின் கொதிகலன் மிகச் சிதைந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. மின்சார வயரிங்குக்குப் போடும் 20 மி.மீ. பி.வி.சி. குழாய் 1:48-இல் 960 மி.மீ. கொதிகலனாகிவிடும். குழாயைச் சுற்றி 0.5 மி.மீ. ஸ்டைரீன் பட்டைகளை வளையமாக ஒட்டினால் கொதிகலன் கட்டுகள் தயார். பி.வி.சி.யோடு ஸ்டைரீனை இணைக்க எம்.இ.கே.யை நம்பாமல் அரால்டைட் போடுங்கள்.

மேடையை 1 மி.மீ. ஸ்டைரீனில் ஒரே துண்டாக வெட்டி, நடுவில் மோட்டாருக்கு வழி விட்டுச் சேசிஸ் மேல் உட்கார வைக்க வேண்டும். பித்தளையில் மேடை செய்யும் ஆசை சிலருக்கு வரும். சேசிஸின் இரு பாதிகளும் இரு தண்டவாளங்களின் மின்சாரத்தைத் தாங்கும் வகையாக இருந்தால், பித்தளை மேடை இரண்டையும் இணைத்துக் குறுக்குச் சுற்று உண்டாக்கிவிடும். எந்த உலோகப் பாகத்தைச் சேர்த்தாலும், மல்டிமீட்டரின் பீப் ஒலியால் இரு பக்கச் சக்கரங்களையும் சோதித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

ஓட்டுநர் அறையின் நான்கு சுவர்களையும் தட்டையாக வைத்தே ஜன்னல் வெட்டுவதும் ரிவெட் அடிப்பதும் முடிக்க வேண்டும். ரிவெட்டுக்கு, மை தீர்ந்த பால்பேனாவின் நுனியை எடுத்துக்கொண்டு, 0.5 மி.மீ. தகட்டின் பின்புறத்தில், அடியில் ஒரு ரப்பர் ஷீட் வைத்து, ஸ்கேல் ஓரமாக 1 மி.மீ. இடைவெளியில் ஒரே அளவு அழுத்தத்தில் குத்திக்கொண்டே போக வேண்டும். முன்புறம் திருப்பிப் பார்த்தால் வரிசையாகப் புள்ளிகள் எழுந்திருக்கும். ஒரு புள்ளி பெரிதானாலும் வரிசையே கெட்டதுபோல் தெரியும். அந்தத் தகட்டைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் குத்துவது, சரிசெய்ய முயல்வதைவிட விரைவு. குத்திய தகட்டை 1 மி.மீ. தகட்டின் மேல் ஒட்டினால் சுவர் நிமிர்ந்து நிற்கும். கரைப்பானை அளவுக்கு மீறி ஊற்றினால் சில வாரங்கள் கழித்துச் சுவர் வளைந்துகொள்ளும்.

கூரையின் வளைவுக்கு 0.5 மி.மீ. தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஈரம் காயுமுன் வேண்டிய வளைவுள்ள ஒரு குழாயின் மேல் துணிப்பட்டையால் கட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். கட்டை அவிழ்த்த பிறகும் வளைவு நிற்கும். நம் நாட்டுக் குறுகிய பாதை இன்ஜின்களில் கூரை பின்னோக்கி நன்றாக நீண்டிருக்கும், பக்கம் திறந்திருக்கும், வெயிலுக்கும் மழைக்கும் கித்தான் திரை தொங்கும். நனைத்த டிஷ்யூ தாளை ஃபெவிகால் கரைசலில் தோய்த்துச் சுருட்டி விளிம்பில் ஒட்டினால் அந்தத் திரை கிடைத்துவிடும். டார்ஜிலிங் இன்ஜினின் முன்பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு இடம் விடுவது உங்கள் கற்பனையைப் பொறுத்தது. குறிப்பிட்ட ஒரு வகுப்பு இன்ஜினை அப்படியே நகலெடுக்க முயன்றால் கடைச் சேசிஸ் எங்காவது இடிக்கத்தான் செய்யும். ஆகவே முதல் வேலைக்கு, இப்படி ஓர் ஆலையில் இருந்திருக்கலாம் என்று நம்பும்படியான ஒன்றை அமைத்துக்கொள்வதே சுகம். பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலைக்காகக் குலசேகரப்பட்டினத்தில் ஓடிய 610 மி.மீ. பாதை போன்ற ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், பொருட்களும் பெட்டிகளும் தாமாக அமையும்.

எடையும் மின்சாரமும்

பழைய உடலில் இருந்த உலோக எடை போய்விட்டதால், புதிய இன்ஜின் சக்கரம் சுழன்றும் நகராமல் நிற்கும். காசிமேட்டில் வலை சாமான் கடைகளில் விற்கும் ஈயக்குண்டுகள் இதற்கு அருமையான பொருள். சுத்தியால் தட்டித் தட்டையாக்கிப் பக்கத் தொட்டிகளிலும் கொதிகலனுக்குள்ளும் அடைக்கலாம். ஈயத்தை ஃபெவிகால் வகைப் பசையில் ஒருபோதும் பதிக்கக் கூடாது. அந்தப் பசையோடு ஈயம் மெல்ல வினைபுரிந்து, மாதங்கள் கழித்து உப்பிக்கொண்டு, கொதிகலனையே பிளந்துவிடும். அரால்டைட்தான் போட வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள். எடை போட்ட பிறகு இன்ஜினை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்துச் சமன் பாருங்கள்; நடுச்சக்கரத்துக்கு நேராகச் சமநிலை வந்தால் இழுவை நன்றாக இருக்கும், பின்னால் போனால் முன்சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பும்.

சக்கரங்களின் உட்புற இடைவெளியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், 16.5 மி.மீ. பாதைக்கு அது சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால், தடம் பிரியும் பாயின்ட்டில் இன்ஜின் தடம்புரளும். மின்சாரம் எடுக்கும் கம்பிகள் நான்கு சக்கரங்களையாவது தொட வேண்டும், இல்லையென்றால் 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்துச் சக்கரத்தின் பின்புறம் லேசாகத் தொடும்படி வைத்து, பற்றவைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள், உயர்ந்துவிட்ட அறையும் பக்கத் தொட்டியும் டிகோடருக்கு (கட்டளையைப் பெற்று மோட்டாரை இயக்கும் சிறு மின்சுற்றுக்கு) நல்ல இடம் தருவதைக் கவனிப்பார்கள்.

இணைப்புக் கொக்கிக்கு, கேடி நிறுவனத்தின் எச்.ஓ. கொக்கியே போதும், 1:48-இல் அது குறுகிய பாதைக்கு ஏற்ற பருமனில் தெரிகிறது. இந்தியக் குறுகிய பாதை வண்டிகளில் இரு பக்கமும் மோதல் தாங்கிகள் (பஃபர்) இல்லாமல் நடுவில் ஒன்றே இருக்கும் என்பதால், கடை இன்ஜினின் முன்பலகையில் இரட்டைத் தாங்கிகள் இருந்தால் அறுத்துவிடுங்கள்.

பெயின்ட்

நம் பகுதியின் காற்று இதில் பெரிய எதிரி. திருவொற்றியூர், காசிமேடு பக்கம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால், வடகிழக்குப் பருவ மாதங்களில் ஸ்ப்ரே பெயின்ட் பூத்து வெண்மை படியும். காலையிலும் மாலையிலும் அடிக்காமல், வெயில் ஏறிய நண்பகலில், இன்ஜினைச் சிறிது நேரம் வெயிலில் காட்டிவிட்டு, காற்று வீசாத மொட்டை மாடி மூலையில் அடியுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்க்காமல் மூன்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். முதலில் சாம்பல் நிற பிரைமர் போட்டால் அரத்தின் கீறல்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவற்றைச் சரி செய்துவிட்டே நிறத்துக்குப் போங்கள்.

பளபளக்கும் கறுப்பை அடிக்காதீர்கள். அசல் இன்ஜின் புகையும் எண்ணெயும் படிந்து சாம்பல் கலந்த கறுப்பாகவே இருக்கும். கறுப்பில் சிறிது பழுப்பைக் கலந்த மங்கலான நிறம் 1:48-இல் உண்மையாகத் தெரியும். முன்பலகைக்குச் சிவப்பு. ஓட்டுநர் அறையின் உட்புறத்துக்கு வெளிர் நிறம் கொடுத்தால், உள்ளே நிற்கும் ஓட்டுநர் உருவம் எடுப்பாகத் தெரியும்.

9 மி.மீட்டரில் செய்ய விரும்புவோர்

முறை அதேதான். காட்டோ நிறுவனம் மோட்டாரோடு தனியே விற்கும் சிறிய சேசிஸ்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை போல அமைந்திருக்கின்றன. அட்டை ஆள் 19 மி.மீ., சக்கர உட்புற இடைவெளி சுமார் 7.4 மி.மீ. காட்டோவின் 117 மி.மீ., 150 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளும், டோமிக்ஸின் 103 மி.மீ., 140 மி.மீ. வளைவுகளும் குட்டைச் சேசிஸ்களுக்குப் போதுமானவை என்பதால், ஒரு சுற்றுப் பாதை முழுவதும் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஒற்றை அறை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய வசதி. உடலை மட்டும் 3டி ரெசின் அச்சில் எடுக்க வேண்டியிருக்கும். கையால் ரிவெட் குத்தும் வேலை இந்த அளவில் பொறுமையைச் சோதிக்கும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில் அச்சிட்ட உடலை, தகரக் கூரைக்கு அடியில் வெயில் காலத்தில் வைக்க வேண்டாம். சுமார் 60 டிகிரியில் அது தளர்ந்து வளையும்.

ஓட்டம்

முடிந்த இன்ஜினை ஓட்டும்போது கன்ட்ரோலரை முழுவதும் திருப்பக் கூடாது. குறுகிய பாதை இன்ஜின் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டால், 1:48-இல் ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க அதற்குச் சுமார் பதினொன்றரை நொடி ஆக வேண்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு குறிகள் இட்டுச் செல்பேசியின் கடிகாரத்தில் பாருங்கள். அதைவிட வேகமாகப் போகாமல், நடுங்காமல் ஓடினால் சேசிஸ் தேர்வு சரி. ஓட முடியாமல் நின்று நின்று போனால், முதலில் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். கடலோரத்தில் பாதி கோளாறு அந்த அழுக்கில்தான் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு அச்சுக்கும் குண்டூசி நுனியளவு பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெய் விடுங்கள். ஓட்டாத நாட்களில் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். எஃகு அச்சும் பித்தளைக் கைப்பிடியும் கறுக்காமல் இருக்க இதைத் தவிர வேறு செலவில்லாத வழி இல்லை.